நுண்கணித அச்சத்தைப் போக்கிய மின்பொறியியல் பேராசிரியர் சில்வானஸ் தாம்சன்

1910ஆம் ஆண்டு லண்டனில் மெக்மில்லன் பதிப்பகம் நுண்கணிதம் பற்றிய ஒரு சிறிய நூலை வெளியிட்டது. அதில் ஆசிரியரின் பெயர் இல்லை. எழுதியவர் இங்கிலாந்தின் அரச கழக உறுப்பினர் என்பதைக் குறிக்கும் மூன்று எழுத்துகள் மட்டுமே இருந்தன.

அதே ஆண்டு அதே பதிப்பகம், புகழ்பெற்ற அறிவியலாளர் கெல்வின் பிரபுவின் வாழ்க்கை வரலாற்றை ஆயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டது. அந்த நூலில் ஆசிரியரின் பெயர் தெளிவாக இருந்தது: சில்வானஸ் பி. தாம்சன்.

இரண்டையும் எழுதியவர் ஒருவர்தான். பெயர் போட்டு வெளிவந்த பெரிய நூலை இன்று ஆய்வாளர்களே பெரும்பாலும் தேடிப் படிக்கிறார்கள். பெயர் போடாமல் வந்த சிறிய நூலோ நூறு ஆண்டுகளைக் கடந்தும் விற்பனையில் இருக்கிறது. 'கால்குலஸ் மேட் ஈஸி' என்ற அந்த நூலை எழுதியவர் யார் என்பதை, தாம்சன் மறைந்த பிறகே பொதுமக்கள் அறிந்துகொண்டார்கள்.

நம் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் படிவங்களில் கூடுதல் கணிதம் எடுக்கும் பிள்ளைகள் பலருக்கு வகையீடு, தொகையீடு என்ற சொற்களைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்த அச்சத்தைப் போக்க முயன்ற இவர் கணிதப் பேராசிரியர் அல்லர், மின்பொறியியல் பேராசிரியர். தொழில்நுட்பத்தின் வரலாற்றையும் அதே அக்கறையோடு எழுதியவர்.

யார்க் நகரத்து ஆசிரியர் மகன்

சில்வானஸ் தாம்சன் 1851ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் தேதி வட இங்கிலாந்தின் யார்க் நகரில் பிறந்தார். தந்தை பள்ளி ஆசிரியர். குடும்பம் எளிய வாழ்க்கையையும் உண்மை பேசுவதையும் வலியுறுத்தும் குவேக்கர் எனும் கிறிஸ்துவப் பிரிவைச் சேர்ந்தது. தாம்சனும் முதலில் பள்ளி ஆசிரியராகவே வேலை பார்த்தார். பிறகு லண்டன் சென்று அறிவியல் படித்தார். 1876இல் பிரிஸ்டல் நகரப் பல்கலைக்கழகக் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளராகச் சேர்ந்து, இரண்டே ஆண்டுகளில் பேராசிரியரானார். அப்போது அவருக்கு வயது 27.

1885இல் லண்டனில் இருந்த ஃபின்ஸ்பரி தொழில்நுட்பக் கல்லூரிக்கு முதல்வராகவும் பேராசிரியராகவும் பொறுப்பேற்றார். 1916இல் இறக்கும் வரை அந்தப் பதவியிலேயே இருந்தார்.

ஃபின்ஸ்பரி, செல்வந்தர் பிள்ளைகளுக்கான கல்லூரி அன்று. தொழிலில் இருப்பவர்களும் தொழில் கற்க வந்தவர்களும் படிப்பதற்காகத் தொடங்கப்பட்ட இடம் அது. அங்கே மாலை வகுப்புகளும் நடந்தன. பகல் முழுவதும் பட்டறையில் வேலை பார்த்துவிட்டு வந்து உட்காரும் ஓர் இளைஞனிடம், பத்துப் பக்க நிறுவலை எழுதிக்காட்டி மின்னியலைக் கற்பிக்க முடியாது. இந்தக் கருவி என்ன செய்கிறது, ஏன் அப்படிச் செய்கிறது என்பதைத்தான் முதலில் சொல்லியாக வேண்டும். தாம்சனின் எழுத்து முறை அந்த வகுப்பறைக்கு ஏற்ற முறைதான்.

1881இல் மின்சாரம், காந்தவியல் பற்றிய தொடக்கப் பாடநூலை எழுதினார். 1884இல் மின்னாக்கிகளைப் பற்றிய பெரிய நூல் வந்தது. எடிசனின் மின்விளக்கு வந்து ஐந்தே ஆண்டுகள் ஆகியிருந்த காலம் அது. மின்னாக்கி செய்பவர்கள் பலர் கைப்பழக்கத்தையும் அனுமானத்தையும் நம்பி வேலை செய்துகொண்டிருந்தார்கள். அந்தத் தொழிலுக்குக் கணக்கையும் ஒழுங்கையும் கொடுத்த நூல்களில் தாம்சனின் நூல் முக்கியமானது.

ஒரு மூலைத் துண்டு சொல்லும் பாடம்

நுண்கணித நூலில் தாம்சன் அப்படி என்னதான் செய்தார்? மாணவனை மிரட்டும் குறியீடுகளின் பொருளை முதல் பக்கங்களிலேயே சாதாரணப் பேச்சில் சொல்லிவிட்டார். 'டி எக்ஸ்' என்றால் எக்ஸின் ஒரு சிறு துண்டு. நீண்ட எஸ் போல இருக்கும் தொகையீட்டுக் குறி என்றால், அந்தச் சிறு துண்டுகளை எல்லாம் கூட்டு என்று பொருள். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைப்பவைதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஒரு மண்டபத்தின் தரை சதுரமாக இருக்கிறது. ஒரு பக்கம் 10 மீட்டர், அதாவது 1,000 சென்டிமீட்டர். தரையின் நீளத்தையும் அகலத்தையும் ஒரு சென்டிமீட்டர் கூட்டுகிறோம். பரப்பளவு எவ்வளவு கூடும்?

ஒரு பக்க ஓரமாக 1,000 சென்டிமீட்டர் நீளமும் ஒரு சென்டிமீட்டர் அகலமும் உள்ள பட்டை சேரும். அதை ஒட்டிய இன்னொரு பக்கத்திலும் அதே அளவில் ஒரு பட்டை சேரும். இரண்டும் சேர்த்து 2,000 சதுர சென்டிமீட்டர். இரண்டு பட்டைகளும் சந்திக்கும் மூலையில் ஒரே ஒரு சதுர சென்டிமீட்டர் மீதம் இருக்கும். மொத்தம் 2,001.

இப்போது ஒரு சென்டிமீட்டருக்குப் பதில் ஒரு மில்லிமீட்டர் மட்டும் கூட்டுவோம். பட்டைகள் இரண்டும் சேர்ந்து 200 சதுர சென்டிமீட்டர். மூலைத் துண்டோ ஒரு சதுர சென்டிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. முதலில் பட்டைகள் மூலையைப் போல 2,000 மடங்கு இருந்தன. இப்போது 20,000 மடங்கு. கூட்டும் அளவு குறையக் குறைய, மூலைத் துண்டு அதைவிட வேகமாகக் கரைந்து போகிறது. கடையில் பில் தொகையை 5 காசுக்கு வட்டமிடும்போது யாரும் சண்டை போடுவதில்லை. அதைவிடவும் துணிச்சலாக இந்த மூலைத் துண்டை விட்டுவிடலாம்.

மிஞ்சுவது இரண்டு பட்டைகள். ஒவ்வொன்றின் நீளமும் சதுரத்தின் பக்கம்தான். ஆகவே பக்கம் சிறிது கூடும்போது, பரப்பளவு பக்கத்தின் இரு மடங்கு என்ற வீதத்தில் கூடுகிறது. எக்ஸ் வர்க்கத்தின் வகைக்கெழு இரண்டு எக்ஸ் என்று பிள்ளைகள் மனப்பாடம் செய்யும் சூத்திரத்தின் பொருள் இவ்வளவுதான்.

கணித வல்லுநர்கள் சிலருக்கு இப்படிச் சொல்வது பிடிக்காது என்பது தாம்சனுக்குத் தெரியும். சிறு துண்டை எப்போது விட்டுவிடலாம், ஏன் விடலாம் என்பதைக் கறாராக நிறுவாமல் மேலே போகக்கூடாது என்பது அவர்களின் வாதம். அந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. கணிதத்தையே துறையாக எடுப்பவர் ஒரு நாள் அந்த நிறுவலைப் படித்தே ஆகவேண்டும். ஆனால் வாசலிலேயே அதைத் தடையாக வைத்தால், உள்ளே வரவேண்டிய பலர் திரும்பிப் போய்விடுவார்கள். தாம்சன் அந்தப் பலருக்காக எழுதினார். ஒரு சாதாரண ஆளால் கற்றுக்கொள்ள முடிந்ததை இன்னொரு சாதாரண ஆளாலும் கற்றுக்கொள்ள முடியும் என்பதே அவருடைய நம்பிக்கை.

தொலைபேசிக்கு முன்னோடியான ஒரு பள்ளி ஆசிரியர்

கற்பவருக்கு நியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்த தாம்சன், கண்டுபிடித்தவருக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்று நினைத்தார். அவரை வரலாற்றின் பக்கம் கொண்டுபோனது இதுதான்.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் அலெக்சாண்டர் கிரகாம் பெல் என்று நாம் உடனே சொல்வோம். பெல்லின் காப்புரிமை 1876ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் தேதி வழங்கப்பட்டது. ஆனால் அதற்குப் பதினான்கு ஆண்டுகளுக்கும் முன்பே, 1861 அக்டோபர் 26ஆம் தேதி, ஜெர்மனியின் பிராங்க்பர்ட் இயற்பியல் சங்கத்தில் பிலிப் ரைஸ் என்ற பள்ளி ஆசிரியர் ஒரு கருவியைக் காட்டினார். அதற்கு அவர் வைத்த பெயரே 'டெலிஃபோன்'தான்.

பேசும் முனையில் ஒரு மெல்லிய சவ்வு. ஒலி படும்போது அது அதிர்ந்து, ஒரு மின்தொடர்பைத் தொட்டும் விட்டும் ஆடும். கேட்கும் முனையில் கம்பி சுற்றிய ஒரு பின்னல் ஊசி. ஒலியைப் பெருக்க ஒரு வயலினையே ரைஸ் பயன்படுத்தினார். பாடலின் மெட்டு அந்தக் கம்பி வழியாகத் தெளிவாகப் போனது. பேச்சு சில நேரம் புரிந்தது, பல நேரம் புரியவில்லை.

ரைஸ் காசநோயால் 1874இல், 40 வயதில் இறந்தார். பெல்லின் புகழ் உலகெங்கும் பரவியபோது ரைஸின் பெயரைச் சொல்ல ஆளில்லை. 1883இல் தாம்சன் அவரைப் பற்றி ஒரு முழு நூலை எழுதினார். ரைஸின் கட்டுரைகளைத் தேடிச் சேர்த்தார். அந்தக் கருவியை நேரில் கேட்டவர்களின் சாட்சியங்களைத் திரட்டினார். தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் என்று ரைஸை நூலின் தலைப்பிலேயே குறிப்பிட்டார்.

இதில் உண்மையான தொழில்நுட்பச் சிக்கல் ஒன்று இருந்தது. தொடர்பு முழுவதும் விட்டு விட்டுத் தொட்டால், ஒலி நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பது மட்டும்தான் கம்பியில் போகும். மெட்டுக்கு அது போதும். மனிதக் குரலின் ஏற்ற இறக்கமும் நுணுக்கமும் போக வேண்டுமானால், மின்னோட்டம் அறுபடாமல் கூடியும் குறைந்தும் வரவேண்டும். பெல்லின் காப்புரிமையின் மையமே அதுதான். தாம்சனின் வாதம் வேறு. மெதுவாகப் பேசும்போது ரைஸின் தொடர்பு முற்றிலும் விடுவதில்லை, அழுத்தம் மட்டுமே மாறுகிறது, ஆகவே மின்னோட்டமும் கூடிக் குறைகிறது என்றார் அவர்.

அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1888இல் பெல்லின் பக்கமே தீர்ப்பளித்தது. நீதிபதிகள் நான்கு பேர் ஒரு பக்கம், மூன்று பேர் மறுபக்கம். காப்புரிமைச் சட்டத்தைப் பொறுத்தவரை பெல்தான் வென்றார். எனினும் இன்று தொலைபேசி வரலாற்றை எழுதுபவர்கள் ரைஸைத் தவிர்த்துவிட்டு எழுத முடியாது. அந்த நிலை உருவாக உதவிய தொடக்க கால நூல்களில் தாம்சனின் நூலும் ஒன்று.

சில நாள்களில் கை நழுவிய கண்டுபிடிப்பு

பிறருக்காக முதலிடம் கேட்டு வாதாடிய தாம்சனே ஒரு நாள் இரண்டாமிடத்தில் நிற்க நேர்ந்தது.

1895 நவம்பரில் ஜெர்மனியில் ரோன்ட்கன் எக்ஸ் கதிர்களைக் கண்டறிந்தார். செய்தி வந்ததும் உலகெங்கும் ஆய்வாளர்கள் பரபரப்படைந்தார்கள். ஒளிரும் தன்மையுள்ள பொருள்களும் இத்தகைய கதிர்களை வெளியிடுமா என்று தாம்சன் சோதித்தார். புகைப்படத் தகட்டை அலுமினியத் தகட்டால் மூடி, அதன் மேல் யுரேனியச் சேர்மத்தை வைத்து ஜன்னல் ஓரம் வெளிச்சத்தில் விட்டார். தகட்டைக் கழுவிப் பார்த்தபோது, அலுமினியத்தைத் தாண்டி ஏதோ ஒன்று பட்ட அடையாளம் தெரிந்தது.

1896 பிப்ரவரி இறுதியில் இதை மூத்த அறிவியலாளர் ஜார்ஜ் ஸ்டோக்ஸுக்கு எழுதினார். உடனே வெளியிடுமாறு ஸ்டோக்ஸ் ஊக்கப்படுத்தினார். ஆனால் மார்ச் 2ஆம் தேதி ஸ்டோக்ஸிடமிருந்து இன்னொரு கடிதம் வந்தது. பாரிஸில் ஹென்றி பெக்கரல் இதையே பிப்ரவரி 24ஆம் தேதி அறிவித்துவிட்டார் என்பது அதன் செய்தி.

பெக்கரல் அதோடு நிற்கவும் இல்லை. பாரிஸில் மேகமூட்டமாக இருந்ததால் இழுப்பறையில் வைத்த தகடுகளை மார்ச் 1ஆம் தேதி கழுவிப் பார்த்தார். வெயில் படாமலே தகடு கறுத்திருந்தது. கதிர்கள் யுரேனியத்திலிருந்தே வருகின்றன, வெயிலுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை என்ற முடிவுக்கு அது வழிவகுத்தது. கதிரியக்கம் என்ற புதிய துறை அங்கே பிறந்தது. 1903இல் பெக்கரலும் கியூரி தம்பதியரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள்.

தாம்சன் தம் ஆய்வை அதே ஆண்டு வெளியிட்டார். ஆனால் பெக்கரல் முந்திவிட்டதை ஏற்றுக்கொண்டே வெளியிட்டார். அதன் பிறகும் அவர் துவண்டு போகவில்லை. அந்த ஆண்டின் இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் சிறுவர்களுக்கான கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளை ஆற்றினார். தலைப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளியும் தெரியாத ஒளியும். 1897இல் எக்ஸ் கதிர் ஆய்வுக்கென்று லண்டனில் உருவான ரோன்ட்கன் சங்கத்தின் முதல் தலைவரானார்.

மூலத்தைத் தேடிப் போன வழி

வரலாற்றில் இன்னும் பின்னோக்கியும் அவர் போனார். எலிசபெத் அரசியின் மருத்துவராக இருந்த வில்லியம் கில்பர்ட், 1600இல் காந்தத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் எழுதினார். பூமியே ஒரு பெரிய காந்தம் என்று சொன்ன நூல் அது. பூண்டு பட்டால் காந்தத்தின் சக்தி போய்விடும் என்று காலங்காலமாக நம்பப்பட்டதை மறுத்த நூலும் அதுதான். அந்த நூலின் முந்நூறாம் ஆண்டையொட்டி அதை ஆங்கிலத்தில் வெளியிட, கில்பர்ட் மன்றம் என்ற அமைப்பின் வழியாகத் தாம்சன் பெரும் உழைப்பைச் செலுத்தினார். மொழிபெயர்ப்பு 1900இல் வெளிவந்தது.

கில்பர்ட்டுக்கும் முன்னால் யார்? 1269இல் பீட்டர் பெரிகிரினஸ் என்ற பிரெஞ்சுக்காரர் காந்தத்தின் துருவங்களைப் பற்றி ஒரு கடிதம் எழுதியிருந்தார். கில்பர்ட்டுக்கும் அது உதவியது. அந்தக் கடிதத்தையும் தாம்சன் மொழிபெயர்த்து 1902இல் கொண்டுவந்தார். முதல்வர் என்று ஒருவரைப் பாராட்டியதோடு நிற்காமல், அவருக்கு முன்னால் யார் என்றும் கேட்பது அவர் வழக்கம்.

கெல்வினின் கம்பியும் மலாயாவின் மரமும்

தாம்சன் எழுதிய வரலாறுகளில் மிகப் பெரியது கெல்வின் பிரபுவின் வாழ்க்கை. கெல்வினின் இயற்பெயரும் வில்லியம் தாம்சன்தான் என்றாலும் இருவரும் உறவினர் அல்லர். அட்லாண்டிக் கடலுக்கு அடியில் தந்திக் கம்பி போட்ட கதை அந்த வாழ்க்கையில் முக்கியமான பகுதி. 1858இல் போட்ட கம்பி சில வாரங்களிலேயே செயலிழந்தது. கெல்வினின் கணக்குகளும் நுட்பமான அளவுகருவிகளும் துணை நிற்க, 1866இல்தான் நிலையான தொடர்பு கிடைத்தது.

இந்தக் கதையில் நம் மண்ணுக்கும் பங்கு உண்டு. கடல்நீர் புகாதபடி செம்புக் கம்பியை மூடிய பொருள் கட்டாபெர்ச்சா. மலாய்த் தீவுப் பகுதிக் காடுகளில் வளரும் கெத்தா தாபான் மரத்தின் பால் அது. சுடுநீரில் இளகும், ஆறியதும் இறுகும், கடலடியில் எளிதில் கெடாது. சிங்கப்பூரில் இருந்த மருத்துவர் வில்லியம் மாண்ட்கோமரி 1840களில் இதன் மாதிரிகளை லண்டனுக்கு அனுப்பிய பிறகே மேற்கத்தியப் பொறியாளர்களின் கவனம் இதன்மேல் திரும்பியது. 1871இல் சென்னையையும் பினாங்கையும் சிங்கப்பூரையும் இணைத்த கடலடித் தந்திக்கும் இதே மரப்பால்தான் உறை.

மாண்ட்கோமரியின் பெயர் ஏடுகளில் இருக்கிறது. காட்டுக்குள் நடந்து, மரத்தை வெட்டிச் சாய்த்து, பாலை எடுத்துச் சுமந்து வந்தவர்களின் பெயர்கள் இல்லை. பால் எடுப்பதற்காக மரத்தையே வெட்டியதால் அந்த நூற்றாண்டிலேயே பல இடங்களில் அம்மரம் அருகிப்போனது. ரைஸுக்காகத் தாம்சன் செய்ததைப் போல, சாட்சியம் சொல்ல ஆள்கள் உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்காவிட்டால், தொழில்நுட்பத்தின் கதையில் இப்படித்தான் பாதிப் பெயர்கள் விடுபடும். நம் தோட்டங்களிலும் ரயில் பாதைகளிலும் மின் நிலையங்களிலும் உழைத்த முன்னோர்களுக்கும் இது பொருந்தும்.

மீண்டும் ஓர் இரண்டாமிடம்

1910இல் தாம்சன் இன்னொரு சோதனையும் செய்தார். மாறுதிசை மின்னோட்டம் பாயும் பெரிய கம்பிச்சுருளுக்குள் தம் தலையை வைத்தார். இருட்டில், கண்ணை மூடியிருந்தும், மினுமினுக்கும் ஒளி தெரிந்தது. காந்தப்புலம் உடலின் நரம்புகளைத் தூண்டுகிறது என்பதற்கு அது ஒரு சான்று. ஆனால் பிரான்சின் தார்சோன்வால் இதையே 1896இல் பதிவு செய்திருந்தார். இங்கேயும் தாம்சனுக்கு முன் ஒருவர் இருந்தார். 1985இல் இங்கிலாந்தின் ஷெபீல்டில் ஆந்தனி பார்க்கர் குழுவினர் காந்தத் துடிப்பால் மூளையைத் தூண்டிக் காட்டினார்கள். இன்று மனச்சோர்வு சிகிச்சைக்கும் பயன்படும் அந்த முறையின் வரலாற்றில் தார்சோன்வால், தாம்சன் இருவரின் பெயரும் இடம்பெறுகின்றன.

தாம்சன் 1916 ஜூன் 12ஆம் தேதி லண்டனில் காலமானார். அவர் சேர்த்து வைத்த அரிய அறிவியல் நூல்கள் இங்கிலாந்து மின்பொறியாளர் கழகத்தின் நூலகத்துக்குச் சென்றன. அவர் நினைவாக ஏற்படுத்தப்பட்ட சொற்பொழிவை 1918இல் முதன்முதலில் ஆற்றியவர் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு.

தாம்சனின் பெயரில் ஒரு விதியோ அலகோ பள்ளிப் பாடத்தில் இல்லை. ஆனால் அவர் பெயர் போடாமல் எழுதிய நூலை இன்று யாரும் குட்டன்பர்க் திட்டத்தின் இணையத்தளத்தில் கட்டணமின்றிப் படிக்கலாம். அமெரிக்க எழுத்தாளர் மார்ட்டின் கார்ட்னர் விளக்கங்கள் சேர்த்த பதிப்பு 1998இல் வந்தது. அது கடைகளிலும் கிடைக்கிறது. கூடுதல் கணிதத்தைக் கைவிடலாமா என்று யோசிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால், அந்த முடிவை எடுப்பதற்கு முன் அந்நூலின் முதல் மூன்று அத்தியாயங்களை மட்டுமாவது படிக்கச் சொல்லலாம். ஒரு வார இறுதியே போதும்.